பெட்ரோல் டேங்க் மேல் ஒரு கல்

கொட்டகைக் கதவு திறந்ததும் ஸேனோ மூக்கைப் பொத்திக்கொண்டான். தோரியானோ கோல்ஃபியேரி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். இர்மா பார்போலினி மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"பெரியம்மா, கார் கீழ இருக்கு," என்று கிசுகிசுத்தான் ஸேனோ.

"ஆபீஸ் நேரத்துல மேடம்."

"மேடம், கார் கீழ இருக்கு."

இர்மா கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் ஸேனோவின் அம்மாவுக்கு அக்கா. இத்தாலியின் மோதேனா ஊரில் துப்பறியும் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட கார்களைப் பார்வையிட்டு அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தவள். அடிபட்ட காரைவிட, அடிபட்டதாகச் சொல்லப்பட்ட காரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அதனால் யார் என்ன சொன்னாலும் முதலில் நம்ப மாட்டாள். காலையில் ஸேனோ, "குட்மார்னிங்" சொன்னால்கூட ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

கொட்டகை நடுவில் நின்ற பொருளைக் கார் என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும், இப்போது செங்கல் நிறம். ஒரு ஹெட்லைட்டைக் காணோம். நாலு டயரும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. துணிக்கூரை கிழிந்து தொங்கியது. மேலெல்லாம் தூசி, தூசி மேல் வாத்து இறகு. வெளியே அந்த வாத்துகள் நூற்றுக்கணக்கில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.

இதை வாங்கலாமா என்று விசாரிக்க இர்மாவை அமர்த்தியிருந்த தோரியானோவோ அதைக் கோயில் தேரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். அது காவெத்தி ஸ்பைடர். மோதேனாவில் காவெத்தி என்று ஒரு சின்னப் பட்டறை இருந்தது. கையால் அடித்து அடித்து அபூர்வமாகச் சில ஸ்போர்ட்ஸ் கார்கள் செய்துவிட்டு, வந்த வேகத்தில் மூடிக்கொண்டது. தோரியானோ இளவயதில் அங்கேதான் சீட்டுக்குத் தோல் தைத்தார். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க சோபா தைத்துப் பிழைத்தாலும், யாராவது தொழில் என்னவென்று கேட்டால், "காவெத்தியில் சீட்டு தைக்கிறேன்," என்றுதான் இன்றுவரை சொல்லுவார்.

முழங்கால் வலியை மறந்து மண்டி போட்டார். திறந்திருந்த கதவு வழியாகக் கையை உள்ளே விட்டு, சீட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையைத் தடவினார். முகம் மாறியது.

"என் கை," என்றார். "மூலையில ரெண்டு தடவை திருப்பிக் குத்துவேன். வேற யாரும் அப்படிக் குத்த மாட்டாங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். இது நான் தைச்சது."

"பாத்தீங்களா மேடம்!" என்றான் நேவியோ, வாத்துப் பண்ணைக்காரன். ஃபெர்ராரா பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரில் பெண் எடுத்தவன். பேச்சை இழுத்து இழுத்துப் பேசுவான். "ஒரிஜினல் சரக்கு. என் பொண்டாட்டியோட மாமா வண்டி. அவர் போனப்போ எங்க நின்னுச்சோ அங்கதான் இன்னிக்கும் நிக்குது. ஒரு அடி நகத்தல. நான்கூட கிட்டப் போனதில்ல. பாம்பு கீம்பு இருக்கும்னு பயம்."

"நீங்க இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வர்றதுக்கு முன்னாடிலேருந்தா?"

"அதுக்கும் முன்னாடிலேருந்து!"

"இவ்வளவு அபூர்வமான வண்டியை நீங்க பணத்துக்குத் தரலையாமே?"

"பணம் யாருக்கு வேணும் மேடம்? வரும், போகும். பெரியவர் வீட்டுப் பரண்ல வினிகர் பீப்பாய் வரிசை ஒண்ணு இருக்காம். அதை அப்படியே குடுத்தா போதும். என் பொண்டாட்டி ரோட்டோரமா சாப்பாட்டுக் கடை போடப்போறா. வாசல்ல வரிசையா வெச்சா அழகா இருக்கும்."

ஸேனோவுக்குப் புரையேறியது. திராட்சை வினிகரைப் பீப்பாய் பீப்பாயாகத் தலைமுறைக்கணக்கில் ஊறவைத்துக் குடும்பச் சொத்தாகக் காக்கிற மோதேனாவில் பிறந்தவன் காதில் விழக்கூடாத வாக்கியம் அது. கல்யாண மோதிரத்தில் சாவிக்கொத்து மாட்டுகிறேன் என்று ஒருவன் சொன்னால் எப்படியிருக்கும்!

இர்மா நிதானமாகக் கேட்டாள். "வாசல்லேயே வெச்சிருப்பீங்களா?"

"பகல்ல வாசல்ல. ராத்திரி நிலவறைக்கு இறக்கிடுவேன். குளுகுளுன்னு இருக்கட்டும், ஒயின் மாதிரி."

இதைக் கேட்டு தோரியானோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்க வேண்டும். வினிகர் பீப்பாயைக் கூரைக்கு நேர் கீழே, கோடையில் வேகவும் குளிர்காலத்தில் விறைக்கவும் விட்டு வளர்க்கிற ஊர் இது. நிலவறையில் வைத்தால் வினிகர் தூங்கிப்போகும் என்று இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோரியானோவோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கை இன்னும் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

இர்மா அவர் பக்கம் குனிந்தாள். "அந்தப் பீப்பாய் வரிசை யார் பேர்ல வெச்சது, தோரியானோ?"

"என் மனைவி வெச்சது. அவ போய்ச் சேந்துட்டா."

"நான் கேட்டது..."

"ஸ்டீரிங்கைப் பாருங்க. மரம் கொஞ்சம்கூட வெடிக்கல!"

இர்மா நிமிர்ந்தாள். காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். பெட்ரோல் டேங்கின் மூடி தொலைந்திருந்தது. அந்த வாயின் மேல் ஒரு வெள்ளைத் துணி, சதுரமாக மடித்துப் போர்த்தியிருந்தது. துணி மேல் ஆற்றுக் கல் ஒன்று, வழவழப்பாக, தட்டையாக உட்கார்ந்திருந்தது.

"இதை யார் வெச்சது?"

"எதை? ஓ, அதுவா." நேவியோ கழுத்தைச் சொறிந்துகொண்டான். "மாமாவா இருக்கும்."

"உங்க மாமா துணியைத் துவைச்சு வெச்சுட்டுச் செத்திருக்கார். கார் முழுக்கத் தூசி, துணி மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

"அவர் ரொம்ப சுத்தக்காரர் மேடம்."

வெளியே ஒரு வாத்து அதற்கும் சேர்த்துக் கத்தியது. நேவியோ குரலை உயர்த்தினான். "இங்க பாருங்க, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. போலோன்யாலேருந்து ஒரு ஆள் வண்டியைத் தூக்கிட்டுப் போக டிரக்கோட வர்றார். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

தோரியானோ எழுந்து வந்து, டேங்க் மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். வெளிறிப்போயிருந்தார். "நான் குடுத்துடறேன்," என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குன்னு அவரே சொல்றாரே," என்றாள் இர்மா. "அதுவரைக்கும் நீங்க எனக்குச் சம்பளம் குடுக்கறீங்க. ஸேனோ, உன் கைக்குட்டையைக் குடு."

"எதுக்கு?"

"மூக்கைத்தான் கையாலயே பொத்திக்கிட்டியே."

நேவியோ தோரியானோவோடு வாசல் பக்கம் நடந்த அந்த இடைவெளியில், டேங்க் மேலிருந்த வெள்ளைத் துணி இர்மாவின் பைக்குள் போயிற்று. ஸேனோவின் நீலக்கட்டம் போட்ட கைக்குட்டை கல்லுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

காஸ்தெல்வேத்ரோ போகிற சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. தோரியானோ பரபரப்பாக வீட்டுக்குப் போய்விட்டார். ஸேனோ சுடச்சுடப் பொரித்து, பூரிபோல் உப்பிய ஞோக்கோ ஒன்றைப் பிய்த்து, ஆவி பறக்கிற அதன் வயிற்றுக்குள் பன்றித் தொடை இறைச்சியைத் திணித்துக்கொண்டிருந்தான். இர்மா லம்ப்ரூஸ்கோ ஒயினை ஒரு வாய் குடித்தாள்.

"நேத்து அவர் நம்ம ஆபீசுக்கு வந்து என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?"

"'எல்லாம் ரொம்ப சரியா இருக்கு, அதான் பயமா இருக்கு'ன்னார். எனக்கும் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போது அப்படித்தான் இருக்கும்."

"உன்னைப் பாக்கற பொண்ணுக்கு அந்தப் பயம் இருக்காது. சரி, நான் ஏன் மேல பாத்தேன்?"

"கூரை இடிஞ்சு விழுமான்னு."

"உத்தரத்துல தகைவிலான் குருவிக் கூடு வரிசையா இருக்கு. கோடை பூரா அந்தக் குருவிங்க அங்க குடும்பம் நடத்தியிருக்கு. தரையெல்லாம் வெள்ளையா எச்சம். காருக்கு அடியில பாத்தியா?"

ஸேனோ மெல்லுவதை நிறுத்தினான்.

"காருக்கு அடியிலயும் எச்சம். கார் மேல ஒரு சொட்டுகூட இல்ல," என்றாள் இர்மா. "குருவி ஊரைக் காலி பண்ணிட்டு ஆப்பிரிக்கா போனப்புறம்தான் கார் உள்ள வந்திருக்கு. அதாவது, இந்த இலையுதிர் காலத்துலதான்."

"அப்ப மாமா?"

"மாமா இருந்தாரோ என்னமோ. கார் அவருது இல்ல."

ஸேனோ மேஜையைத் தட்டினான். பக்கத்து மேஜைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "புரிஞ்சுபோச்சு! திருட்டு வண்டி! ஊர்பேர் தெரிஞ்ச வண்டி, வெளில விக்க முடியாது. அதனாலதான் காசு வேண்டாம்கறான். காருக்கு நம்பர் பிளேட் இருக்கு, வினிகர் பீப்பாய்க்கு நம்பர் பிளேட் கிடையாது. வாங்கின மறுநாள் போலீஸ் வந்து காரைத் தூக்கிட்டுப் போவான். பீப்பாயும் போச்சு, காரும் போச்சு, கிழவர் நடுத்தெருவுல!"

"நல்லா யோசிச்சிருக்க."

"நிஜமாவா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் நீ ரெண்டாவது தட்டு ஆர்டர் பண்ணிக்கிட்டிருந்தப்போ போன் பண்ணினேன்."

வண்டிப் பதிவு அலுவலகத்தில் இர்மாவுக்கு ஒரு பழைய சிநேகிதி இருந்தாள். காரின் கறுப்பு நம்பர் பிளேட்டை வைத்து அவள் தந்த பெயர், செஸ்தோலா மலையில் வாழ்ந்து போன வருஷம் இறந்த ஒரு மனிதருடையது. காணாமல் போனதாகப் புகார் எதுவும் இல்லை. அவருடைய மனைவியின் எண்ணை இர்மா இப்போது அழுத்தி, போனை நடுவில் வைத்தாள்.

"காரா?" என்றது ஒரு கிழட்டுக் குரல், உற்சாகமாக. "ஐயோ, அந்தப் புள்ளைங்க வந்து தூக்கிட்டுப் போனாங்களே, நல்லா இருக்கட்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அதைத் தொட விடமாட்டார். தானும் தொடமாட்டார். எனக்கு அந்த இடத்துல விறகு அடுக்கணும்."

"யாரும்மா தூக்கிட்டுப் போனது?"

"டிராக்டர் ரிப்பேர் பண்ற பையன். ரெண்டு வருஷமா எங்க டிராக்டரை அவன்தான் பாக்கறான். ஃபெர்ராராப் பக்கம் போல, பேச்சை இழுப்பான். நான் சும்மா எடுத்துக்கோன்னேன், கேக்கல, என் டிராக்டருக்குப் புது இன்ஜின் போட்டுக் குடுத்துட்டுத்தான் எடுத்தான். கையெழுத்தெல்லாம் முறையா ஆயிடுச்சு, ஆபீஸ்ல பேர் மாறி வரக் கொஞ்ச நாளாகுமாம். ஏன் கேக்கறீங்க, ஏதாவது தப்பா?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. அவர் மட்டும்தான் வந்தாரா?"

"கூட ஒரு பொண்ணும் வந்துச்சு. சின்னப் பொண்ணு இல்ல, நடு வயசு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அந்த ஓட்டை வண்டியில ஏறி உக்காந்து, சீட்டுக்கு அடில கையை விட்டுத் தடவிக்கிட்டே இருந்துச்சு. ஏதோ விழுந்து தொலைஞ்சுபோச்சு போல."

இர்மா போனை அணைத்தாள். ஸேனோவுக்கு வருத்தமாக இருந்தது. மறுநாள் போலீஸ், நடுத்தெரு, எல்லாம் அவனுக்குப் பிடித்திருந்தது.

"திருட்டு வண்டி இல்ல," என்றான். "போலியும் இல்ல. கிழவர் தைச்ச அதே சீட்டு. அந்த டிராக்டர்காரன் ஒழுங்கா வாங்கியிருக்கான். இதை ஒரு ஏலத்துல விட்டா கிழவரோட பீப்பாயைவிடப் பல மடங்கு போகும். அப்ப நேவியோ எதுக்குப் பொய் சொல்றான்? ஏமாத்தறவன் நஷ்டத்துக்கா ஏமாத்துவான்?"

"அதான் எனக்கும் சரியாப் படல," என்றாள் இர்மா. பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து மேஜையில் விரித்தாள். ஓரமெல்லாம் கொக்கி ஊசியால் பின்னிய நூல் வேலை. ஒரு மூலையில் சின்னப் பூ. நடுவில் பழுப்பாக ஒரு வட்டக் கறை. "மோந்து பாரு."

"பெட்ரோல் வாசனை..." ஸேனோ மறுபடி முகர்ந்தான். கண்கள் விரிந்தன. "வினிகர்! பழைய சரக்கு. எங்க வீட்டுப் பரண் வாசனை."

"பெட்ரோல் டேங்க் திறந்து கிடந்தா நீ என்ன பண்ணுவ?"

"பிளாஸ்டிக் பையைச் சுருட்டி அடைப்பேன்."

"யாரா இருந்தாலும் அதான் பண்ணுவாங்க. துணியை மடிச்சு மேல போட்டு, அது பறக்காம ஆத்துக் கல்லு வெக்கறது எதுக்குடா?"

ஸேனோவுக்கு அது தெரிந்ததுதான். வினிகர் பீப்பாயின் வாயை இறுக்கி மூடக் கூடாது, மூச்சு விட வேண்டும். துணி போட்டு, பனாரோ ஆற்றிலிருந்து பொறுக்கிய கல்லை மேலே வைப்பார்கள். சின்ன வயதில் அந்தக் கல்லை எடுத்து விளையாடி அவன் வாங்கிய அடி இன்னும் முதுகில் நினைவிருந்தது.

"இது யோசிச்சுப் பண்ணினது இல்ல," என்றாள் இர்மா. "வாயைத் திறந்துக்கிட்டு ஒண்ணு நின்னுது. மழை வந்துருமேன்னு கை தானாப் போய் மூடிட்டு வந்திருக்கு. பரண்லயே வளந்த கை. நேவியோ கை இல்ல, அவன்தான் பீப்பாயை நிலவறையில வெக்கறேங்கறானே."

"அப்ப நேவியோவுக்குப் பின்னால வினிகர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் ஒளிஞ்சிருக்கார். பெரிய கூட்டமா இருக்கும் பெரியம்மா! கிழவரோட பீப்பாயில ஏதோ ரகசியம் இருக்கு!"

"உன் அம்மா பீப்பாய் என்னாச்சு?"

சம்பந்தமில்லாத கேள்வி. ஸேனோ விழித்தான். "நீங்க ரெண்டு பேரும் பொறந்தப்போ தாத்தா ஆளுக்கு ஒரு வரிசை வெச்சார். கல்யாணமானப்போ அவங்கவங்க வரிசை அவங்கவங்க கூட வந்துச்சு. எங்கப்பா அம்மாவோடதை சாலட்ல ஊத்தியே தீத்துட்டார். உங்க புருஷன் ஓடிட்டார், உங்க பீப்பாய் இருக்கு."

"ரெண்டுல எது புளிச்சுதுன்னு எனக்குத்தான் தெரியும்," என்று எழுந்தாள் இர்மா. "யார் பேர்ல வெச்சதுன்னு நான் கேட்டேன். யார் வெச்சதுன்னு அவர் பதில் சொன்னார். வா, போய் நாமளே படிச்சுக்கலாம்."

தோரியானோ தன் வீட்டு முற்றத்தில் நின்று கார் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு பலகையில் ஊசிகள், மெழுகு தடவிய நூல், சிவப்புத் தோல் துண்டுகள் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். அவசரத்தில் சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். இந்த மனிதரிடம் போய் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியிருக்குமோ என்று நினைத்து ஸேனோ இர்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"சொல்லுங்க மேடம். வாங்கலாமா, வேண்டாமா?"

"பீப்பாயை ஒருதரம் பாத்துட்டுச் சொல்றேன்."

"மேல போய்ப் பாருங்க. பின்பக்கப் படி வழியாவே போகலாம். எனக்கு முழங்கால் ஆகாது. நான் ஏறி வருஷக்கணக்காச்சு."

பரண் கதவைத் திறந்ததும் அந்த இனிப்பும் புளிப்புமான வாசனை முகத்தில் அடித்தது. பெரியதிலிருந்து சின்னது வரை பீப்பாய்கள் சாய்வாகப் படுத்திருந்தன. ஓக், செர்ரி, மல்பெரி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரம். வருஷக்கணக்காக ஆளே ஏறாத பரணில் ஒரு சிலந்தி வலை இல்லை. ஒவ்வொரு பீப்பாயின் மேலும் கொக்கி வேலை செய்த வெள்ளைத் துணி, ஒரு மூலையில் பூ, மேலே ஆற்றுக் கல்.

ஸேனோ கையிலிருந்த துணியை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே ஓரம், அதே பூ.

"கடைசிக் குட்டிப் பீப்பாயைப் பாரு," என்றாள் இர்மா.

அதன் மேலிருந்த துணியும் அதே வேலைதான். ஆனால் கறை இல்லை, இன்னும் மடிப்புக்கூடக் கலையவில்லை. பழையதை எடுத்துக்கொண்டு போனவர் புதிதாக ஒன்று பின்னிப் போட்டிருக்கிறார்.

ஸேனோ துணியை இர்மாவிடம் நீட்டினான். கூட்டம் ஒன்றும் வெளியூரில் இல்லை. வந்து போகிற இடம் இந்த வீடு. அவன் பெரிய பீப்பாயின் முன்னால் குனிந்தான். முகப்புப் பலகையில் இரும்பைக் காய்ச்சிப் பொறித்த எழுத்து இருந்தது.

"ஓம்பிரெத்தா," என்று படித்தான். "யாரு பெரியம்மா இது?"

"என் பொண்ணு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தோரியானோ உள்படி வழியாக ஏறி வந்திருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கறதா நீங்க சொல்லலையே," என்றாள் இர்மா.

"இருக்கான்னு நான் நெனைக்கறதில்ல. ஒரு ஃபெர்ராராக்காரனோட வாழறா. ஏற்கெனவே ஒருத்தியை விவாகரத்து பண்ணினவன். கோயில் கிடையாது, பாதிரியார் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கிட்டு வா, பீப்பாயை நானே தோள்ல தூக்கிட்டு வந்து வெக்கறேன்னேன். கல்யாணம் இல்லேன்னா பீப்பாயும் இல்ல. அதுல எனக்கு ரெண்டு பேச்சே கிடையாது."

"அவர் பேர்?"

"ஃபௌஸ்தோ. டிராக்டர் ரிப்பேர் பண்றான்."

ஸேனோவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இர்மா அவன் காலை மிதித்தாள்.

"பொண்ணு இங்க வர்றதுண்டா?"

"பனிக்காலத்துல வருவா, நடுவுல தூசி தட்டவும் வருவா. பின்படி வழியா ஏறி, பீப்பாய்க்கு ஊத்திக் கலந்துட்டு, அந்த வழியாவே போயிடுவா. நான் கீழ ரேடியோவைச் சத்தமா வெச்சுப்பேன்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுவும் இந்த வருஷம் வேண்டாம்னு இருந்தேன். அவன் வீட்டுக்கு இது போறதுக்கு, சாக்கடையில கொட்டினாலும் கொட்டுவேன்னு ஈஸ்டரப்போ பார்ல எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

"அவ காதுக்குப் போயிருக்கும்."

"போகட்டும்னுதான் சொன்னேன்."

இர்மா துணியை அவர் கையில் கொடுத்தாள். "இது உங்க காரோட பெட்ரோல் டேங்க் மேல இருந்துச்சு. மேல கல்லு வெச்சு. இப்ப அங்க இவனோட கைக்குட்டை இருக்கு."

தோரியானோ முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு, கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, கட்டைவிரலால் அந்த ஓரத்தை மெல்லத் தடவினார், சீட்டுக்கு அடியில் தடவியதுபோலவே. விரல் ஒரு இடத்தில் நின்றது.

"முடிச்சு இடதுபக்கமா விழுது," என்றார். "அவ இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்துல அடிச்சாங்க. நான்தான் இந்தக் கையாலயே பிடிச்சுக்கோடின்னு ஊசி பிடிக்கக் கத்துக்குடுத்தேன். மூலையில ரெண்டு தடவை திருப்பிக் குத்தறது..."

நிறுத்திக்கொண்டார். அப்புறம் ரத்தம் முகத்துக்கு ஏறியது.

"அப்ப இது அவ வேலையா? அந்த வாத்துக்காரன் அவனோட சொந்தக்காரனா? பொய் சொல்லி, நாடகம் ஆடி, பெத்த அப்பனை ஏமாத்தி... திருடி! சொந்த வீட்டுலயே திருடற..."

"எதைத் திருடினா?"

"பீப்பாயை!"

"பலகையில யார் பேர் இருக்கு?"

தோரியானோவின் கண் பெரிய பீப்பாயின் முகப்புக்குப் போனது.

"நீங்க ஏமாறக் கூடாதுன்னுதானே எனக்குச் சம்பளம் குடுத்தீங்க," என்றாள் இர்மா. "வண்டி ஒரிஜினல். காகிதம் சுத்தம். அவங்க ரெண்டு பேரும் மலை ஏறி, ஒரு டிராக்டரையே புதுசாக்கிக் குடுத்துட்டு, அதைக் கொண்டுவந்திருக்காங்க. உங்களுக்கு இதுல காசு நஷ்டம் ஒண்ணும் இல்ல. அவ பொருளை அவளே உங்ககிட்ட விலை குடுத்து வாங்கறா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. பொண்ணு கேட்டப்போ வருஷக்கணக்கா முடியாதுன்னீங்க. வாத்துக்காரன் நிலவறையில வெச்சு நாசம் பண்றேன்னான், அவனுக்கு உடனே குடுக்கறேன்னீங்களே, அது எப்படி?"

தோரியானோ பெரிய பீப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பீப்பாயின் மேல் யாரும் உட்காரக் கூடாது. அதை அவருக்குச் சொல்ல ஸேனோவுக்கு மனம் வரவில்லை.

"காலையில இந்தத் துணி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் தோரியானோ. "நான் பக்கத்துல போனேனா?"

"நீங்க டேங்க் பக்கமா வந்து சாய்ஞ்சு நின்னீங்க. உங்க முழங்கை அது மேலதான் இருந்துச்சு."

"என் தையலைக் கண்டுபிடிச்சேன்," என்றார் அவர். "செத்துப்போன பட்டறையில எப்பவோ தைச்ச தையலை... இதைப் பாக்கல."

இர்மாவின் பையில் போன் அடித்தது. நேவியோ. அவள் எடுத்து, சத்தத்தைக் கூட்டிப் பிடித்தாள்.

"மேடம், போலோன்யாக்காரர் வந்துட்டார், டிரக் இங்கதான் நிக்குது," என்று படபடத்தான் நேவியோ. பின்னணியில் வாத்துகள் கத்தின. டிரக் சத்தம் எதுவும் இல்லை. "பெரியவர் என்ன சொல்றார்? வாங்கறாரா, இல்லையா?"

தோரியானோ கையை நீட்டினார். இர்மா போனைக் கொடுத்தாள்.

"பக்கத்துல நிக்கறாளா?" என்று கேட்டார்.

"யா... யாரு?"

"போலோன்யாக்காரர்."

வாத்துகள்கூட ஒரு கணம் அடங்கிய மாதிரி இருந்தது. பிறகு நேவியோ, தோற்றுப்போன குரலில், "நிக்கறா," என்றான்.

"அவகிட்ட சொல்லு. காரு எனக்கு வேண்டாம். பேரம் இல்ல."

ஸேனோ கண்ணை மூடிக்கொண்டான். கிழவர் கடைசியில் பிடித்த பிடியை விடவில்லை என்றுதான் நினைத்தான். தோரியானோ துணியைச் சதுரமாக மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார், தொண்டையைக் கனைத்தார்.

"பீப்பாய் அவளோடது. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு. அந்த டிராக்டர்காரனையும் கூட்டிட்டு வரச் சொல்லு, எல்லாத்தையும் இறக்க ஆள் வேணும். காரை மழைல நிறுத்த வேண்டாம், என் ஷெட்டு காலியாத்தான் இருக்கு. சீட்டை நான் பிரிச்சுத் தைக்கணும், ஒத்தை ஆளால முடியாது, எதிர்ப்பக்கம் ஊசி வாங்கறதுக்கு இடது கை ஒண்ணு வேணும். அப்புறம் டேங்க் மேல ஏதோ ஒரு அழுக்குக் கைக்குட்டை இருக்காம்..."

"அது அழுக்கு இல்ல," என்றான் ஸேனோ.

"...அதை எடுத்துடச் சொல்லு. அவ துணி இங்க இருக்கு, நான் குடுக்கறேன்."

போனின் மறுமுனையில் நேவியோவின் மூச்சு கேட்கவில்லை. வேறு யாரோ போனை வாங்கியிருந்தார்கள்.

"ஓம்பிரெத்தா," என்றார் தோரியானோ. "பின்படி வழியா வராத. இருட்டினா வழுக்கும். முன்வாசல் வழியா வா."

போனை இர்மாவிடம் கொடுத்துவிட்டு, நிலையைப் பிடித்து எழுந்து, உள்படியில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது. பல வருஷமாக யாருக்கும் திறக்காத முன்வாசல் கதவு, அசைந்துகொடுக்கவில்லை. மறுபடி இழுத்தார்.

"போடா," என்றாள் இர்மா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "போய்த் தோள் குடு."